பாகற்காய்னா மாத்திரை

என் மாமனாருக்கு வறுவல் சத்தத்தைத் தவிர வேற எதுவும் காதுல விழாதுன்னு நாங்க கண்டுபிடிச்ச அன்னிக்கு எங்க வீட்டுல ஒரே கொண்டாட்டம். சிரிக்காதீங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் சிரிங்க, நானும் சேர்ந்துக்கிறேன்.

மாமா அச்சகத்துல பிழை திருத்துற வேலை பார்த்தவர். அவர் மேஜைக்குப் பக்கத்துலயே மிஷின். நடுவுல ஒரு தட்டி கூடக் கிடையாது. அது காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தடதடன்னு ஓடும், இவர் குனிஞ்ச தலை நிமிராம எழுத்து எழுத்தா பார்ப்பார். ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்தப்போ ஒரு கடிகாரம் குடுத்து அனுப்பினாங்க, காதை அங்கயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. காது மிஷின் வாங்கிக் குடுத்தோம். ஒரு பொழுது மாட்டியிருந்தார். "உள்ள ரயில் ஓடுது"ன்னு கழட்டி சர்க்கரை டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டார். ஏன் சர்க்கரை டப்பான்னு என்னைக் கேக்காதீங்க, அவரைக் கேட்டாலும் அவருக்குக் கேக்காது.

எழுதிக் காட்டலாமேன்னு சொல்வீங்க. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. எழுதிப் பார்த்தவளுக்குத்தானே தெரியும் அந்த அவஸ்தை! "மாமா டாக்டர்கிட்ட போகணும் கிளம்புங்க"ன்னு ஒரு காகிதத்துல எழுதி நீட்டினா, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவுவார். 'மாமா'வுக்குப் பக்கத்துல ஒரு கமா. கடைசியில ஒரு முற்றுப்புள்ளி. கீழே தேதி, கையெழுத்து. பத்திரமா மடிச்சு என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு டிவி பக்கம் திரும்பிடுவார். சேதி உள்ள போச்சா இல்லையான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கையை ஆட்டிச் சைகை காட்டினாலோ, "என்னம்மா டிராபிக் போலீஸ் மாதிரி?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்குவார்.

அவர் பேச்சு மட்டும் அமோகம். தன் குரல் தனக்கே கேக்காததால, ரகசியம்னு அவர் வாயைத் திறந்தா நாலாவது வீட்டுல ஜன்னலைச் சாத்துவாங்க.

இப்ப வறுவலுக்கு வர்றேன். நான் வேலை பாக்குறது குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துல. பகல் பூரா தண்ணியோட மாரடிக்கிறவ நான். வீட்டுக்கு வந்தா ஈரமே ஆகாது எனக்கு. வறுவல் நமத்துப்போயிருந்தா கெட்ட கோபம் வரும். அதனால அதை நான் ஒழுங்கா செய்வேன். வெண்டைக்காயைக் கழுவிட்டு ஒவ்வொண்ணா துணியால துடைக்கணும். துடைச்சாச்சுன்னு நினைச்ச பிறகு இன்னொரு தடவை துடைக்கணும். சாய்வா, மெல்லிசா நறுக்கி, பருத்தித் துணியில பரப்பி, ஃபேன் காத்துல உலர விடணும். முன்னாடியே உப்புப் போட்டீங்களோ, அது உள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் கக்கிடும், கதை முடிஞ்சுது. எண்ணெய் நல்லா காஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா போடணும். போட்டதும் சடசடன்னு கூச்சல் போடும். அந்தக் கூச்சல் அடங்கினா உள்ளே ஈரம் தீர்ந்துதுன்னு அர்த்தம். அப்ப எடுத்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவணும்.

அப்படி எடுத்துவச்ச ஒரு நாள், என் வீட்டுக்காரர் வழக்கம்போல திருட்டுத்தனமா ஒரு பிடி அள்ளிக்கிட்டு ஹாலுக்குப் போனார். மாமா டிவி முன்னாடி நாற்காலியில முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அன்னிக்குக் கரண்ட் போயிருந்தது, டிவி ஓடலை, ஆனாலும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். இவர் பின்னாடி நின்னு ஒரு வெண்டைக்காயை நறுக்குன்னு கடிச்சார்.

மாமா திரும்பினார். "எனக்கும் ரெண்டு குடுடா."

என் வீட்டுக்காரர் வாய்க்குள்ள இருந்ததை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. அப்படியே சமையலறைக்கு ஓடி வந்தார். "அப்பாவுக்குக் கேட்டுடுச்சு!"

சும்மா சொல்லிட முடியுமா? ரெண்டு பேருமா சோதிச்சோம். பின்னாடி நின்னு "அப்பா!"ன்னு அலறினார். அசையலை. நான் கரண்டியால தட்டைத் தட்டினேன். ம்ஹூம். அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த வெண்டைக்காயை அவர் பின்னாடி கொண்டுபோய்க் கடிச்சேன். திரும்பிக் கையை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஏறுற சத்தத்தை வச்சே இந்த லிஃப்ட்டுக்கு எந்தச் சக்கரம் தேஞ்சிருக்குன்னு சொல்லக்கூடியவர். சத்தம்னு வந்துட்டா அவருக்கு மிஞ்சி ஆள் இல்லைங்கிறது அவரோட அபிப்பிராயம். "எல்லாக் கதவும் மூடியிருக்கு. ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கு. அது மொறுமொறுப்புக் கதவு"ன்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எத்தனை வருஷமா அந்த மனுஷனோட ஒரு வார்த்தை பேச முடியாம நாங்க தவிச்ச தவிப்பு எங்களுக்குத்தான் தெரியும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பேச்சு இல்லாம, ஆளுக்கொரு மூலையில. இப்ப ஒரு கதவு திறந்திருக்குன்னா விடுவோமா?

ஒரு பாஷையே செஞ்சோம். வெண்டைக்காய்னா 'சாப்பிட வாங்க'. பாகற்காய்னா 'மாத்திரை போடுங்க', கசப்புக்குக் கசப்பு. பீட்ரூட்னா 'யாரோ வந்திருக்காங்க'. கேரட்னா 'சரி'. உருளைக்கிழங்கு சும்மா பேசிக்கிட்டிருக்க. ஒவ்வொரு காயும் ஒவ்வொரு விதமா உடையுதுன்னு என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினார். பீட்ரூட்டுல சர்க்கரை இருக்கிறதால அடுப்பைக் குறைச்சு வைக்கணும், இல்லேன்னா கருகிடும். கருகினா உச்சரிப்பு மாறிடும்னு சொல்லி ஒரு தட்டு பீட்ரூட்டைக் குப்பையில கொட்டவச்சார் அந்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையும் கூடச் சேர்த்துக் கொட்டியிருப்பேன்.

ஆனா வேலை செஞ்சுதே! அதுதான் ஆச்சரியம். தட்டை வச்சுட்டு மாமா காதுகிட்ட போய் வெண்டைக்காயைக் கடிப்பேன், எழுந்து சாப்பிட வருவார். ஒரு கையில மாத்திரை, ஒரு கையில தண்ணி, வாயில பாகற்காய். பேசாம வாயைத் திறப்பார். முழுங்கினாரான்னு பார்த்துட்டுத்தான் நான் நகர்வேன். வாசல்ல ஆள் வந்து நின்னா பீட்ரூட். எழுந்து போய் வணக்கம் சொல்வார். ஒரு தடவை கூடத் தப்பினதில்லை. சாயங்காலத்துல உருளைக்கிழங்கு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு மூணு பேரும் உட்காருவோம். நான் கொஞ்சம் கடிப்பேன், என் வீட்டுக்காரர் கொஞ்சம் கடிப்பார். மாமா எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்ப்பார். அப்புறம் அவரும் ஒண்ணை எடுத்து மெதுவா, நிதானமா கடிப்பார்.

"என்ன சொல்றார்?"ன்னு நான் கேப்பேன்.

"பழைய கதை ஏதோ சொல்றார். குறுக்கே பேசாதே"ம்பார் இவர்.

நாத்தனாருக்குப் போன்ல விலாவாரியா சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், "அண்ணி, நீங்களும் அண்ணனும் லீவு போட்டு ஒரு வாரம் நல்லா தூங்குங்க"ன்னா. பொறாமை. பெத்த பொண்ணு பேச முடியாததை வந்த மருமக பேசுறாளேங்கிற பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்படிப் போயிக்கிட்டிருக்கும்போதுதான் ஆபீஸ்ல ஓலை வந்தது. தூரத்துல ஒரு ஊர்ல புதுசா பரிசோதனைக் கூடம் திறக்கிறாங்க, அதுக்கு நான் தலைமை. எனக்குக் கீழ வேலை பழகினவங்க எல்லாம் எனக்கு மேல போய் உட்கார்ந்துட்டாங்க, நான் மட்டும் அதே குழாய், அதே குடுவைன்னு நின்ன இடத்துலயே நின்னவ. இப்ப கூப்பிடுறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். என் வீட்டுக்காரர் ஒரு பேச்சு மறுத்துப் பேசலை. "லிஃப்ட் இல்லாத ஊர் எங்க இருக்கு? நான் பொழைச்சுக்குவேன். நீ கிளம்பு"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கொட்டவச்ச பீட்ரூட்டை எல்லாம் மன்னிச்சேன்.

ஆனா மாமா? "நாலு பேர் என்னைத் தூக்கிக்கிட்டுத்தான் இந்த வீட்டை விட்டுப் போகணும்"னு காது கேட்ட காலத்துலயே சொல்லிவச்சவர். தனியா விடவும் வழியில்லை. பால் பொங்கி வழியிற சத்தம் கேக்காது, கதவைத் தட்டினா கேக்காது. போன மாசம் அடுப்புல தண்ணி வச்சதை மறந்து, பாத்திரம் கருகி, புகை ஹாலுக்கு வந்த பிறகுதான் எழுந்தார். நாத்தனார் வீட்டுல அவங்களுக்கே இடம் போதாது. மாமா கூட வந்தா நான் போகலாம். அவர் வரலேன்னா நானும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதல்ல எழுதித்தான் குடுத்தேன். "மாமா எனக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்திருக்கு பெரிய வேலை நீங்களும் எங்ககூட வரணும்"னு. பேனா வந்தது. கமா வந்தது. முற்றுப்புள்ளி வந்தது. தேதி, கையெழுத்து. மடிச்சுக் குடுத்துட்டார். நான் போய்ப் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு ஒரு மூச்சு அழுதேன்.

"நம்ம பாஷையில கேப்போம்"னார் என் வீட்டுக்காரர். "முழு வாக்கியமா."

'வீடு மாத்துறது'ன்னு சொல்ல எங்ககிட்ட காய் இல்லை. ரொம்ப யோசிச்சு, கத்தரிக்காய்னு முடிவு பண்ணினோம். கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்! சொல்லும்போது ரொம்பப் பொருத்தமாத்தான் இருந்தது. பொரிக்கும்போதுதான் தெரிஞ்சுது. கத்தரிக்காய் எண்ணெயைப் பார்த்தா விடாது, ஊத்த ஊத்தக் குடிக்கும். போதாக்குறைக்கு வியாழக்கிழமை காலையிலிருந்து அடைமழை. சுவர் எல்லாம் ஜில்லுனு வேர்த்து நிக்குது. நறுக்கிப் பரப்பின காய் உலரவே இல்லை. மறுநாள் நான் பதில் சொல்லணும்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து, துணிக்கு நடுவுல கேரட்டை வச்சுத் தேய்ச்சேன். கேரட் உலரலை. துணி ஆரஞ்சு நிறமாச்சு. அது இவரோட வெள்ளை வேட்டின்னு அப்புறம்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம உள்ளே போய், வேலைக்குக் கொண்டுபோற சூடு ஊதியைத் தூக்கிக்கிட்டு வந்தார். லிஃப்ட் மோட்டாருக்குள்ள தண்ணி புகுந்தா உலர்த்துற சாமான் அது. ஒரு கட்டடத்தோட அடித்தளத்தையே உலர்த்திடும்.

"மெதுவா வைங்க"ன்னேன்.

"இதுல மெதுவாங்கிறதே இல்லை"ன்னுட்டு சுவிட்சைப் போட்டார்.

போச்சு. எல்லாம் பறந்துச்சு. வெண்டைக்காய் திரைச்சீலை பூராவும் ஒட்டிக்கிச்சு. பீட்ரூட் ஒண்ணு காலண்டர்ல போய் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமையை மறைச்சுது. இன்னும் ரெண்டு துண்டு ஃபேன் இறக்கையில. நான் சோபா மேல ஏறி நின்னு கத்தறேன், இவர் அந்த மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உருளைக்கிழங்கைத் துரத்துறார். மாமா தன் நாற்காலியில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தார். மடியில வந்து விழுந்த ஒரு பாகற்காய் வளையத்தை எடுத்து, தூசி தட்டி, பக்கத்துல ஸ்டூல் மேல வச்சார். 

பொறுக்கினதைப் பொறுக்கி, துடைச்சதைத் துடைச்சு, ஒருவழியா எல்லாத்தையும் பொரிச்சு முடிச்சேன். கத்தரிக்காயை மட்டும் மூணு தடவை எண்ணெயில போட்டு எடுத்தேன். தட்டுல வரிசையா அடுக்கினோம். பீட்ரூட், அதாவது சேதி வந்திருக்கு. கத்தரிக்காய், வீடு மாறுறோம். உருளைக்கிழங்கு, நாம எல்லாரும். கேரட், சரியா?

"கேள்விங்கிறது எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"கடைசியில புருவத்தைத் தூக்கு"ன்னார்.

மாமாவுக்கு வலது காதுகிட்ட நான், இடது காதுகிட்ட இவர். டிவியை அணைச்சோம். ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பீட்ரூட்டைக் கடிச்சோம். நல்லா உடைஞ்சுது. அடுத்தது கத்தரிக்காய். கடிச்சேன். சத்தமே இல்லை. அந்த மழைக் காத்துல, தட்டுக்கும் வாய்க்கும் நடுவுல, அது நமத்துப்போச்சு. ஈரத் துணியைக் கடிச்ச மாதிரி இருந்தது. இவரைப் பார்த்தேன். இவர் வாயிலயும் அதே கதி.

வாக்கியத்துல முக்கியமான வார்த்தையே அதுதானே! எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. என் வேலை, என் எதிர்காலம், எல்லாம் ஒரு கத்தரிக்காயில வந்து நிக்குது. அவர் காதுகிட்ட குனிஞ்சு, வாயாலயே, "மொறுக்! மொறுக்! மொறுக்!"ன்னேன்.

இவரும் சேர்ந்துக்கிட்டார். "மொறுக்! மொறுக்!"

அப்புறம் உருளைக்கிழங்கு. அப்புறம் கேரட். ரெண்டு பேரும் புருவத்தைத் தூக்கிக்கிட்டு நின்னோம்.

மாமா என்னைப் பார்த்தார். திரும்பி மகனைப் பார்த்தார். அவர் கண்ணு ரெண்டும் கலங்கிடுச்சு. கையைத் தூக்கி என் நெத்தியில வச்சுப் பார்த்தார். தலையைத் தடவினார். "சரிம்மா. சரி சரி. எல்லாம் சரியாயிடும்"னார், அந்த நாலு வீட்டுக் குரல்ல. எழுந்து, குடையை எடுத்துக்கிட்டு, மழையில இறங்கி எதிர்ல இருக்கிற தையல் கடைக்குப் போயிட்டார்.

"சரின்னுட்டார்!"னு குதிச்சார் என் வீட்டுக்காரர்.

"கண்ணு கலங்கினதைப் பார்த்தீங்களா? வரமாட்டேன்னு சொல்ல மனசு வராம எழுந்து போறார்"னேன். என் குரல் எனக்கே கேக்கலை. இன்னொரு குடையை எடுத்துக்கிட்டு நானும் இறங்கினேன்.

தையல்காரர்தான் மாமாவுக்கு ஒரே சிநேகிதர். எப்பவும் வாயில குண்டூசி வச்சுக்கிட்டே இருப்பார், அதனால அவர் பேசினதை யாரும் பார்த்ததில்லை. பேசாத மனுஷனும் கேக்காத மனுஷனும். அவங்களுக்குள்ள எப்படித்தான் பொழுது போகுமோ. கடை வாசல்ல ஒரு திரை. அதுக்கு வெளியில நான் குடையோட நின்னேன். ஒட்டுக்கேக்கணும்னு இல்லை. மாமா பேசினா, தெருமுனை டீக்கடையில இருக்கிறவங்களே ஒட்டுக்கேக்க வேண்டியதில்லை.

"இது நமக்குள்ள இருக்கட்டும்"னு கத்தினார் மாமா. "யார் காதுலயும் விழக் கூடாது. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சித்தம் கலங்கிப்போச்சு."

தையல் மிஷின் நின்னுடுச்சு.

"ரொம்ப நாளாவே இருக்கு. நான்தான் வெளியில சொல்லலை. சாப்பாட்டு நேரமானா மருமக என் காதுகிட்ட வந்து நின்னு வறுவல் மெல்லுறா. தட்டு வச்சிருக்கேன்னு கண்ணால பார்த்துட்டு நான் எழுந்து போறேன். மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு பாகற்காய் மெல்லுறா. யாராவது வந்தா பீட்ரூட் மெல்லுறா. பையனும் அப்படியே. வறுக்கிற வாசனை தெரு வரைக்கும் வருது, டிவி அணைஞ்சிருந்தா பின்னாடி நிக்கிறவன் அந்தக் கண்ணாடியிலயே தெரியுறான். என்னவோ எனக்குத் தெரியாத மாதிரி காதுல வந்து மெல்லுறாங்க. எனக்கென்ன கேக்கவா போகுது? கோவிச்சுக்கிட்டா இன்னும் முத்திடும்னு, அவங்க மென்னா நானும் கூட உட்கார்ந்து மெல்லுறேன். பல்லு வலிக்குது. என்ன பண்ணச் சொல்றீங்க? பெத்த பிள்ளை."

 வாசனை! பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறவ நான். சுடச்சுட எடுத்துட்டுப் போய் மூக்குக்குப் பின்னாடி நின்னு காதைச் சோதிச்சிருக்கேன்! என்னை எதால அடிச்சாத் தகும்?

"இன்னிக்கு ரொம்ப மோசம்"னார் மாமா. "காத்து மிஷினை வச்சுக் காயெல்லாம் பறக்க விட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல வந்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாங்க. புருவம் மேல போச்சு, கீழ வரலை. பொண்ணு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலும் இல்லை."

மாமா மூக்கைச் சிந்தினது மழையையும் மீறிக் கேட்டுச்சு.

"அவளுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்காம். பெரிய வேலை. எழுதிக் குடுத்தா. கமா விட்டிருந்தா, ஆனா நல்ல சேதி. இந்த வீட்டை விட்டு நான் நகர மாட்டேன்னுதான் இருந்தேன். நேத்து வரைக்கும் அதான். இனி எப்படி முடியும்? இதுங்களைத் தனியா அனுப்பினா, புது ஊர்ல நாலு பேர் பார்த்து என்ன நினைப்பாங்க? வேலையை விட்டுத் தூக்கிட மாட்டாங்களா? நான் கூட இருந்தா, 'வீட்டுல ஒரு செவிட்டுக் கிழவன் இருக்கான், பாவம், அவனுக்காகத்தான் இப்படிப் பண்றாங்க'ன்னு ஊர் நினைச்சுக்கும். பழி என் காது மேல போகட்டும். அது எப்படியும் ஒண்ணுக்கும் ஆகாத காது."

அப்புறம் சொன்னார்: "எனக்கு ரெண்டு பேன்ட் தைக்கணும். அங்க குளிருமோ என்னவோ."

திரை காத்துல விலகினப்போ தையல்காரர் என்னைப் பார்த்துட்டார். வாய் நிறைய ஊசி, கண்ணு ரெண்டும் முட்டை. நான் கையைக் கூப்பி, வேண்டாம்னு தலையை ஆட்டினேன். அவர் குனிஞ்சு மாமா இடுப்பை அளக்க ஆரம்பிச்சார். நான் அந்தத் தெருவுல நின்னு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன். டீக்கடையில இருந்தவங்க எல்லாம் என்னைப் பரிதாபமா பார்த்தாங்க. அவங்களும்தான் எல்லாத்தையும் கேட்டிருப்பாங்களே.

வீட்டுக்கு வந்ததும் இவர் வாசல்லயே பிடிச்சுக்கிட்டார். "என்ன சொன்னார்?"

"வர்றாராம்."

"பார்த்தியா! கத்தரிக்காய் வேலை செஞ்சுடுச்சு! நமத்துப்போயும் போய்ச் சேர்ந்துடுச்சு பாரு!" சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் தூக்கிச் சுத்தினார். அந்த மூஞ்சியைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அவரும் அப்பாகிட்ட பேசுறோம்னு நம்பிக்கிட்டு இருக்கார், இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு விஷயமும் இருக்கு. எங்களுக்குப் புத்தி தெளிஞ்சுடுச்சுன்னு தெரிஞ்சா மாமா இங்கயே தங்கிடுவார். அதனால நான் தெளியக் கூடாது. ஆயுசுக்கும் வறுக்கணும், அவர் காதுல போய்க் கடிக்கணும். விதி. வெள்ளிக்கிழமை காலையில ஆபீஸுக்குப் போன் பண்ணி, வர்றேன்னு சொல்லிட்டேன்.

சாமான் கட்டுற அன்னிக்கு நான் தரையில உட்கார்ந்து டப்பாக்களுக்கு மூடி தேடிக்கிட்டிருந்தேன். மாமா மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தார். புதுப் பேன்ட் போட்டிருந்தார். கடைக்காரர்கிட்ட என்ன சொன்னாரோ, அந்தக் கடையில நின்ன அத்தனை பேருக்கும் அது தெரிஞ்சிருக்கும். ஒரு கையில மாத்திரை அட்டை, ஒரு கையில தண்ணி. வாங்கிப் பார்த்தேன். வெறும் சத்து மாத்திரை. கடைக்காரர் நல்ல மனுஷன்.

நான் சிரிச்சுட்டு அதை ஓரமா வச்சேன். மாமா போகலை. என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் கட்டாம இருந்த டப்பா ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்தார். வெண்டைக்காயை மூடினார். பீட்ரூட்டை மூடினார். பாகற்காய் டப்பாவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக்கிட்டு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா என் பக்கத்துல தரையில உட்கார்ந்தார். என் காதுகிட்ட குனிஞ்சார். அந்த வலிக்கிற பல்லால, நறுக்குன்னு கடிச்சார்.

எனக்கு நல்லா கேட்டுச்சு. வாயைத் திறந்தேன். மாத்திரையை அவரே போட்டார், தண்ணியும் அவரே ஊத்தினார். நான் முழுங்கினேனான்னு பார்த்துட்டுத்தான் நகர்ந்தார்.